இடாப்பில் ஏறிய பெயர்

கெஹெல்கமு ஓயாவின் இருமருங்கிலும் மேலேறிச் செல்லும் பொகவந்தலாவைத் தேயிலை மலைகளில், கொட்டியாகலை, பொகவானை, கெர்க்கஸ்வோல்ட், லொயினோன் முதலிய தோட்டங்களின் லயங்களில், தேர்தல் நாளிரவு விளக்கு எளிதில் அணைவதில்லை. நுவரெலியா மாவட்டத்தின் முடிவு வானொலியில் வாசிக்கப்படும் வரையில் இளைஞர் பலர் விழித்திருப்பர். விடிந்ததும் பிரட்டுக்களத்தில் அதே பேச்சுத்தான்: எந்தச் சின்னத்துக்கு எத்தனை வாக்கு, எவருக்கு எத்தனை ஆசனம், எவர் சரிந்தார், எவர் எழுந்தார் என்பன.

ஆனால் லயத்து முதியவர்களிடத்தில் வேறொரு கேள்வி உண்டு. வென்றவர் யார் என்று கேட்குமுன், இடாப்பில் நம் வீட்டார் பெயர் எல்லாம் இருந்தனவா என்று அவர்கள் கேட்பார்கள். இளைஞர்க்கு இக்கேள்வி பழங்காலத்துக் கவலையாகத் தோன்றக்கூடும். மலையகத்தின் தேர்தல் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பவர்க்கோ, முதியவர் கேட்பதே முதற்கேள்வி என்பது விளங்கும். இப்பகுதியில் ஒரு தேர்தலின் முடிவு, வாக்குப் பெட்டி திறக்கப்படுவதற்குப் பல மாதங்கள் முன்பே, பெயர் எழுதும் மேசையில் பாதி தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. அம்மேசைக்குத் தோட்டத்து மக்களை அழைத்துச் சென்றவர்கள் பெரும்பாலும் நாலெழுத்துப் படித்த வாலிபர்களே ஆவர். மேடைப் பேச்சாளரைக் குறித்து எழுதிய அளவுக்கு இவ்வாலிபரைக் குறித்து எவரும் எழுதவில்லை.

பெயர் என்ற சொல் வந்தவிடத்தில், பொகவந்தலாவையிலே துயிலும் ஒரு பெண்மணியை நினைவுகூர்தல் பொருந்தும். புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரன் 1879-ஆம் ஆண்டு ஜனவரியில் கிளென்கேர்ன் தோட்டத்தில் மறைந்தார்; இவ்வூர்ப் புனித மரியாள் ஆலயத்து மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். டென்னிசன், டார்வின் முதலிய இங்கிலாந்துப் பெருமக்களின் முகங்களைப் படமாக்கிய அவ்வம்மையார், இலங்கையில் வாழ்ந்த இறுதி ஆண்டுகளில் தமிழ்த் தொழிலாளர் சிலரையும் படம் பிடித்தார். இங்கிலாந்துப் பெரியோரின் படங்களுக்குப் பெயர் உண்டு; தொழிலாளர் படங்கள் பெரும்பாலானவற்றுக்கு அஃது இல்லை. முகம் இருக்கிறது, பெயர் இல்லை. அக்காலத்தில் தொழிலாளியின் பெயர் ஏறிய ஏடு தோட்டத்துச் செக்ரோல் ஒன்றே. அது கூலிக்கணக்கு; குடிமகன் என்பதற்குச் சான்று அன்று.

பெயர் வேறோர் ஏட்டில் ஏறும் காலம் இருபதாம் நூற்றாண்டிலேயே வந்தது. 1924-இல் சட்ட நிரூபண சபையில் இந்தியருக்கென இரண்டு இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஆயினும் சொத்தும் கல்வியும் உடைய சிலருக்கே வாக்கு இருந்தது. அதில் ஏற்பட்ட வெற்றிடம் ஒன்றுக்கு 1925-இல் நடந்த இடைத்தேர்தலில் தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் வெற்றி பெற்றார். தோட்டத் தொழிலாளிக்கு அத்தேர்தலில் வாக்கில்லை. வாக்கில்லாதவனுக்காகப் பேசும் ஒருவர் சபைக்குள் நுழைந்தார் என்பதே அதன் பொருள். இடைத்தேர்தல் ஒன்று மலையக அரசியலின் போக்கைத் திருப்பியதற்கு இஃதே முதற்சான்று எனலாம்.

1931-இல் டொனமூர் அரசியல் திட்டத்தின்படி சர்வஜன வாக்குரிமை வந்தது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் அனைவர்க்கும் வாக்கு என்பது ஆசியாவில் அன்று கேட்டறியாத செய்தி. ஆனால் தோட்டத்து வாசலில் அச்செய்தி சற்றே தயங்கி நின்றது. இந்திய வமிசாவளியினர் இத்தீவையே நிரந்தர வாசஸ்தலமாகக் கொண்டவர் என்று காட்டவேண்டும். இன்றேல் ஐந்தாண்டு வசிப்புக்கும் நிலையாகக் குடியமர்ந்தமைக்கும் அத்தாட்சிப் பத்திரம் பெறவேண்டும். எழுத்தறியாத ஒரு தொழிலாளி இதனைத் தானே செய்துகொள்ள இயலுமா? விண்ணப்பத்தை வாசித்துப் பொருள் சொல்லி, ஆண்டுகளைக் கணக்கிட்டு, பெயரைப் பிழையின்றி எழுதிக்கொடுக்க ஒருவர் வேண்டும். தோட்டப் பாடசாலை ஆசிரியர், கணக்கப்பிள்ளையின் மகன், கடைவீதியில் வேலை செய்த வாலிபன் ஆகியோர் இப்பணியை ஏற்றனர்.

இவர்கள் உழைப்பின் பயனை எண்களிலே காணலாம். 1931-இல் ஏறத்தாழ 1,00,000 இந்திய வமிசாவளி வாக்காளர் இருந்தனர். 1936-இல் அது ஏறத்தாழ 1,45,000 ஆயிற்று. 1939-இல் 2,25,000 வரையில் உயர்ந்தது. பின்னர் இடாப்பை மீளாய்வு செய்யும் விதிகள் கடுமையாக்கப்பட்டன; 1943-இல் அத்தொகை ஏறத்தாழ 1,68,000 ஆகக் குறைந்தது. நான்காண்டில் மக்கள் தொகை அவ்வளவு குறைந்துவிடவில்லை. குறைந்தது பெயர்களே.

1936-ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலில் நடேசய்யர் ஹட்டன் தொகுதியில் நின்று வென்றார். தோட்டம் துரையின் தனிச்சொத்து. அனுமதியின்றி நுழைவது குற்றம். ஆகவே அவர் புடவை வியாபாரியைப்போல் மூட்டை சுமந்து லயங்களுக்குள் புகுந்தார் என்று மலையகத்தில் இன்றும் சொல்லப்படுகிறது. அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடல்களைப் பாடி மக்களைத் திரட்டினார். வாசிக்கத் தெரியாதவர்க்குத் துண்டுப்பிரசுரத்தைவிடப் பாட்டுப் பயன்படும் என்பதை அவ்வம்மையார் நன்கு அறிந்திருந்தார். அக்காலத்தில் வேட்பாளர்க்குச் சின்னமில்லை. ஒவ்வொருவர்க்கும் ஒரு நிறம். அந்நிறப் பெட்டியில் வாக்குச் சீட்டைப் போடவேண்டும். எழுத்தறியாத தாய்மார்க்கு நிறத்தைக் கற்பிப்பது எளிது. இரவில் லயத்து முற்றத்தில் நிறத்துணியைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாற் போதும். சின்னங்கள் 1947-ஆம் ஆண்டுத் தேர்தலிலேயே வந்தன.

அந்த 1947-ஆம் ஆண்டுத் தேர்தலே இவ்வரலாற்றின் திருப்புமுனை. 1939-இல் தோன்றிய இலங்கை இந்தியர் காங்கிரஸ், தோட்டந்தோறும் கமிட்டி அமைத்துப் பெயர்ப் பதிவை ஒழுங்காக நடத்தியிருந்தது. அதன் பயனாகச் சௌ. தொண்டமான் நுவரெலியாவிலும், சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையிலும், கே. குமாரவேலு கொட்டகலையிலும், ஜி. ஆர். மோத்தா மஸ்கெலியாவிலும், கே. இராஜலிங்கம் நாவலப்பிட்டியிலுமாக மலையகத்தவர் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். அது மாத்திரமன்று, தம் ஆளை நிறுத்தாத வேறு பல தொகுதிகளில் தோட்டத்து வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களை வெல்லச் செய்தன. நடேசய்யர் அத்தேர்தலில் தோற்றார். அவ்வாண்டு நவம்பரிலேயே மறைந்தார். அவர் வழிவகுத்துத் தந்த வாக்குகள் அவருக்கே கிட்டாமற் போயின.

தேர்தல் முடிவை ஆராய்வது என்றால், வென்றவர்கள் விழாக் கொண்டாடிய அவ்வேளையில் அதனை உண்மையாக ஆராய்ந்தவர்கள் யார்? கொழும்பில் ஆட்சியமைத்தவர்களே. 95 ஆசனங்களுள் 42 மட்டுமே பெற்றிருந்த ஐக்கிய தேசியக் கட்சி, தோட்டத்து வாக்கு எங்கே, எவ்வாறு, எவர் பக்கம் விழுந்தது என்பதை நன்கு கண்டுகொண்டது. ஆட்சியாளர் கூறிய காரணங்கள் வேறாயினும், அடுத்து நிகழ்ந்தவற்றை அத்தேர்தல் முடிவினின்றும் பிரித்துப் பார்த்தல் அரிது. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத தோட்டங்களில் பாட்டனின் பிறப்பத்தாட்சிக்கு எங்கே போவது! 1949-இல் தேர்தற் சட்டம் திருத்தப்பட்டு, பிரஜைகள் அல்லாதார் இடாப்பினின்றும் நீக்கப்பட்டனர். வாக்குச் சீட்டை எவரும் பறிக்கவில்லை, சாவடியை எவரும் மூடவில்லை. ஏட்டிலிருந்து பெயரை எடுத்ததே போதுமானதாயிற்று.

அதே 1949-இல் வந்த இந்திய பாகிஸ்தானியர் வதிவோர் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்து வைத்தது. 1946-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளுக்கு முன்னர், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து வசித்தமையை நிறுவினால் பிரஜாவுரிமை கோரலாம். விண்ணப்பிக்க இரண்டாண்டு தவணை. இங்கே காங்கிரஸ் இழைத்த தவற்றையும் மறைத்தல் தகாது. சட்டத்தைப் பகிஷ்கரிப்பது என்று முதலில் தீர்மானித்து, கிடைத்த தவணையிற் பெரும் பகுதியை அது வீணே கழியவிட்டது. எதிர்ப்பு நியாயமானதே, ஆயினும் காலக்கெடு எவருக்காகவும் காத்திருப்பதில்லை. பின்னர் நிலையை மாற்றிக்கொண்டு கடைசி மாதங்களில் விரைந்து விண்ணப்பிக்குமாறு அறிவித்தது.

அப்போது தொடங்கியது அந்த மாபெரும் எழுத்துவேலை. பகலிலே மலையில் வேலை; இரவிலே குப்பி விளக்கின் முன் விண்ணப்பப் படிவம். எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டு பெயர் பதிந்தது, எப்போது அடுத்த தோட்டத்துக்கு மாறியது, எந்தப் பிள்ளை எங்கே பிறந்தது என்பனவற்றை முதியோர் நினைவினின்றும் தோண்டியெடுத்து எழுதவேண்டும். இந்தியாவுக்குப் போய் வந்த ஒரு பயணம் நீண்டுவிட்டிருந்தால் அதுவே வழக்கைக் கெடுத்துவிடும். இவ்வளவுக்கும் இடையில் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள், 8,25,000 பேர் வரையில் உள்ளடக்கி அனுப்பப்பட்டன. இவற்றை எழுதிய கைகள் எவருடையன என்று எந்த ஆவணமும் கூறாது. அவற்றின் முடிவோ வருந்தத்தக்கது. பல ஆண்டு விசாரணைக்குப் பின் பிரஜாவுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

1952-ஆம் ஆண்டுத் தேர்தல் வந்தது. தலவாக்கலைத் தொகுதியில் 1947-இல் ஏறத்தாழ 19,000 ஆக இருந்த வாக்காளர் தொகை, 3,000-க்கும் கீழே இறங்கியது. மலையகத் தமிழர் ஒருவரேனும் வெற்றி பெறவில்லை. இதில் ஒரு விந்தையும் உண்டு: தொகுதிகளை வகுக்கையில் தோட்டத்து மக்களின் தலைகள் எண்ணப்பட்டன; வாக்கு எண்ணுகையில் அவர்கள் இல்லை. அவர்களால் பெருகிய ஆசனத்தில் அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டாத ஒருவர் அமர்ந்தார். அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் கொழும்பில் தொடங்கிய சத்தியாக்கிரகம் ஏறத்தாழ 140 நாள் நீடித்து, பெயரளவான உறுதிமொழிகளோடு முடிந்தது.

இக்காலத்து வாலிபரின் நிலையை விளக்க ஒரு செய்தி போதும். 1959-இல் இலங்கையில் வாக்குரிமை வயது இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைக்கப்பட்டது. பிரித்தானியா இதனை 1969-இலும், அமெரிக்கா 1971-இலும், இந்தியா 1989-இலுமே செய்தன. இளைஞரை நம்பி வாக்களித்த நாடுகளின் வரிசையில் இத்தீவு முன்னணியில் நின்றது, பெருமைக்குரியதே. 1960 மார்ச்சுத் தேர்தலில் பதினெட்டு வயதினர் முதன்முறையாகப் புள்ளடி இட்டனர். அதே நாளில் பொகவந்தலாவையில் கொழுந்து கொய்துகொண்டிருந்த பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு வாக்கில்லை. இருபத்தெட்டு வயதுக்காரிக்கும் இல்லை. அவள் தாய்க்கு 1947-இல் இருந்தது, இப்போது இல்லை. வயது அங்கே ஒரு பொருட்டாகவே இல்லை. பிரதிநிதித்துவம் என்று எஞ்சியிருந்தது நியமனமே. 1960 முதல் தொண்டமானும், பின்னர் வி. அண்ணாமலையும், ஏ. அஸீஸும் வெவ்வேறு காலங்களில் நியமன அங்கத்தவராகச் சபையில் அமர்ந்தனர்.

வாக்கில்லாத தலைமுறையின் இளைஞர் வெறுமனே இருந்துவிடவில்லை. தொழிற்சங்கம் அவர்களுக்குத் தேர்தற் பள்ளியாயிற்று. பொகவந்தலாவை மக்களோடு நெருங்கிப் பழகிய வி. கே. வெள்ளையன் 1965-இல் தொழிலாளர் தேசிய சங்கத்தைத் தோற்றுவித்தபோது, படித்த வாலிபர் பலர் அவரைச் சூழ்ந்தனர். ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் ஆசிரியராக இருந்த இர. சிவலிங்கம், மாணவரையும் இளைஞரையும் ஒன்றுதிரட்டி, கூலிக்காரன் என்ற பெயரை நீக்கி மலையகத்தான் என்ற பெயரை நிலைநாட்ட முயன்றார். இவையெல்லாம் வாக்கு கேட்கும் முயற்சிகள் அல்ல. வாக்கு வருமுன்னரே வாக்காளனை ஆயத்தம் செய்த முயற்சிகள்.

1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9,75,000 பேருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் என்று இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்டன. சம்பந்தப்பட்ட மக்களை எவரும் கலந்தாலோசிக்கவில்லை. அதே 1964-ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கல்லூரி மாணவர் பலர் வீடு வீடாகச் சென்று கறுப்பின மக்களின் பெயர்களை வாக்காளர் ஏட்டில் பதிவிக்க முயன்றனர். இரண்டாண்டு முன்பு அங்கே வாக்குக்குப் பதிவாகியிருந்த கறுப்பினத்தார் நூற்றுக்கு ஏழு பேரும் இல்லை. இளைஞர் மூவர் கொலையுண்டனர், பதிவானவர் சிலரே, ஆயினும் மறு ஆண்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. மலையகத்து இளைஞனுக்கோ பதிவு செய்யும் மேசையே இல்லை. அவன் முன் இருந்தவை இந்தியாவுக்கான படிவமும் இலங்கைக்கான படிவமும் ஆகும். ஒரே லயத்தில் அண்ணன் ஒன்றையும் தம்பி மற்றொன்றையும் நிரப்பிய வீடுகள் உண்டு.

1977-இல் மீண்டும் ஒரு வாயில் திறந்தது. அவ்வாண்டு மே மாதத்தில், தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து நின்றவர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் டெவன் தோட்டத்து இளைஞன் சிவனு லட்சுமணன் உயிரிழந்தான். சூலை 21-இல் பொதுத் தேர்தல். நுவரெலியா - மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியாக இருந்தது. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்குகள். மூன்றையும் ஒருவருக்கே அளிக்கலாம். பிரஜாவுரிமை பெற்றிருந்த தோட்டத்து வாக்காளர் தொகை சிறிது. ஆனால் மூன்று புள்ளடியையும் சேவற் சின்னத்துக்கே இடுமாறு லயந்தோறும் சொல்லிக்கொடுக்கப்பட்டது. காமினி திசாநாயக்கவும் அநுர பண்டாரநாயக்கவும் முதலிரு இடங்களைப் பெற, தொண்டமான் மூன்றாமவராகத் தெரிவானார். முப்பதாண்டின் பின் மக்கள் வாக்கினால் ஒருவர். 1936-இல் நிறத்துணி செய்த வேலையை, 1977-இல் அந்த மாதிரி வாக்குச் சீட்டுச் செய்தது.

நாடற்றவர் என்ற பட்டம் அதற்குப் பின்னும் நெடுநாள் நீடித்தது. 1988 நவம்பரில் நிறைவேறிய விசேட ஏற்பாடுகள் சட்டமே பெரும் மாற்றத்தைக் கொணர்ந்தது. பாட்டனின் பிறப்பத்தாட்சிக்குப் பதிலாகச் சத்தியக் கடதாசி ஒன்று போதுமாயிற்று. மீண்டும் வாலிபர்கள் மேசை போட்டு உட்கார்ந்தனர். நாற்பதாண்டுகளாக மூடியிருந்த இடாப்பின் கதவு ஒரு தாளினால் திறந்தது! எஞ்சியிருந்தோர்க்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது.

புதிய வாக்குகள் பழைய தலைமைக்கே சென்று சேரும் என்று எண்ணியவர்களுக்கு 1994 ஆகஸ்டுத் தேர்தல் விடை தந்தது. 1989-இல் இளைஞர் கூடி அமைத்த மலையக மக்கள் முன்னணியின் தலைவர் பெ. சந்திரசேகரன் நுவரெலியா மாவட்டத்தில் சுயேச்சைக் குழுவாக நின்று வென்றார். 225 ஆசனங்களில் பொதுசன ஐக்கிய முன்னணிக்கு 105, முஸ்லிம் காங்கிரசுக்கு 7, கூட்டினால் 112. ஆட்சியமைக்க ஓர் ஆசனம் குறைந்தது. அந்த 113-ஆவது ஆள் தேயிலை மலையிலிருந்து வந்தார். ஏட்டிலே இல்லாதிருந்த ஒரு சமூகத்தின் இளைஞர் தந்த ஓர் ஆசனம், நாட்டின் பதினேழாண்டு ஆட்சியை மாற்றியது. தேர்தல் முடிவை எண்களால் மட்டும் வாசிப்பவர்க்கு அது வெறும் ஒன்று.

பாராளுமன்றத்தைப் பற்றிய பேச்சில் பிரதேச சபை மறைந்துவிடுதல் வழக்கம். உண்மையில் தோட்டத்து வாழ்வுக்கு நெருங்கியது அதுவே. பழைய கிராமச் சங்கங்களில் தோட்டத் தொழிலாளிக்கு வாக்கில்லை. 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் அவனுக்கு வாக்களித்தது. ஆனால் அச்சட்டத்தின் 33-ஆம் பிரிவின்படி, சபை தன் நிதியைத் தோட்ட எல்லைக்குள் தாராளமாகச் செலவிட இயலாதிருந்தது. வாக்குப் போடலாம், வரம்புக்கு வெளியே வீதி போடப்படும் என்ற நிலை. 2018-இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டு பெப்ரவரித் தேர்தலுக்கு முன், பெருத்திருந்த நுவரெலியா, அம்பகமுவ சபைகள் இரண்டும் ஆறாகப் பிரிக்கப்பட்டன. பொகவந்தலாவை, புதிதாகப் பிறந்த நோர்வூட் பிரதேச சபைக்குள் அடங்கியது.

அடுத்த உள்ளூராட்சித் தேர்தல் 2023 மார்ச்சில் நடைபெறவிருந்தது; பணமில்லை என்று நின்றது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6-இல். 2018 தேர்தலின்போது பதினெட்டு நிரம்பச் சில நாள் குறைந்திருந்த ஒரு பிள்ளை, தன் சபைக்கு முதல் வாக்கை இட்டபோது இருபத்தைந்தை எட்டியிருந்தது.

இடையில் 2024-இல் இரு பெருந் தேர்தல்கள் நடந்தன. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் மலையக வாக்காளரின் மனம் விளங்கும். செப்டம்பர் 21-இல் நடந்த சனாதிபதித் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தில் சஜித் பிரேமதாச முதலிடமும், ரணில் விக்கிரமசிங்க இரண்டாமிடமும் பெற, நாட்டளவில் வென்ற அநுர குமார திசாநாயக்க அங்கே மூன்றாமிடத்தில் இருந்தார். எட்டு வாரத்தின் பின், நவம்பர் 14-இல், அவருடைய தேசிய மக்கள் சக்தி அதே மாவட்டத்தின் 8 ஆசனங்களில் 5-ஐக் கைப்பற்றியது. பழனி திகாம்பரமும் வே. இராதாகிருஷ்ணனும் ஐக்கிய மக்கள் சக்தியிலும், ஜீவன் தொண்டமான் யானைச் சின்னத்திலும் தெரிவாயினர். நுவரெலியாவில் கலைச்செல்வியும் பதுளையில் அம்பிகா சாமுவேலும் தெரிவானதால், மலையகத் தமிழ்ப் பெண்கள் முதன்முறையாக மக்கள் வாக்கினால் பாராளுமன்றம் புகுந்தனர். 2025 மேயில் நாடளாவிய உள்ளூராட்சி முடிவில் ஆளுங்கட்சியின் பங்கு 61 வீதத்தினின்றும் 43 வீதமாக இறங்கியது.

ஆட்சியின் தொடக்க மாதங்களிலேயே மக்கள் மனம் மாறிவிட்டது என்று சிலர் இதற்கு உடனே பொருள் கூறினர். மாற்றம் உண்டு; மறுப்பதற்கில்லை. ஆயினும் இடையில் வரும் தேர்தல்களை வாசிக்கையில், எவர் வாக்களித்தார் என்பதோடு எவர் வரவில்லை என்பதையும் பார்த்தல் வேண்டும். நாடளாவிய வாக்களிப்பு 2024 செப்டம்பரில் 79 வீதம்; நவம்பரில் 69 வீதம்; அடுத்த மேயில் அதினும் குறைவு. பொகவந்தலாவை போன்ற இடங்களில் இக்குறைவுக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. இங்கே இடாப்பில் பெயருள்ள இளைஞர் பலர் இங்கே இல்லை. கொழும்பிலே கடைகளிலும், உணவகங்களிலும், ஆடைத் தொழிற்சாலைகளிலும் இருக்கிறார்கள். செப்டம்பர் 21 சனிக்கிழமை. நவம்பர் 14 வியாழன், மறுநாள் பௌர்ணமி விடுமுறை. மே 6-ஓ செவ்வாய்க்கிழமை. சித்திரை வருடப் பிறப்புக்கு ஊர் வந்து திரும்பி மூன்று வாரம்கூட ஆகவில்லை. வாக்களிக்க விடுமுறை தரவேண்டும் என்பது சட்டம். பஸ் கட்டணம் சட்டத்தில் இல்லை.

வேறொரு கணக்கும் உண்டு. 2024 செப்டம்பரில் நாடெங்கும் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் ஏறத்தாழ 3,00,000. நவம்பரில் 6,67,000-ஐத் தாண்டின. கட்சிக்கு ஒரு புள்ளடி, பின்பு விருப்பு இலக்கங்கள் என்ற முறையில் பிழை நேர்வது எளிது. நிறத்துணியையும் மாதிரிச் சீட்டையும் லயத்துக்குக் கொண்டுசென்ற கைகள் இன்று முகநூலில் படம் ஏற்றுவதோடு ஓய்ந்துவிடுகின்றனவோ என்ற ஐயம் எழுவது இயல்பே. கைபேசி இளைஞனைச் சேர்கிறது. கொழுந்து மலையில் நிற்கும் அவன் தாயைச் சேர்வதில்லை.

எனினும் வேலை முற்றும் நின்றுவிடவில்லை. 2023-இல் மலையகத்தார் வருகையின் இருநூறாம் ஆண்டை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களுள் இளைஞர் பலர் இருந்தனர். உள்ளூராட்சி வேட்பாளர்களில் நாலில் ஒரு பங்கு இளைஞராதல் வேண்டும் என்ற விதி 2025 தேர்தலில் நடைமுறைக்கு வந்தபோது, தோட்டத்துப் பிள்ளைகள் தேர்தற் சீட்டைக் கொடுப்பவராக மட்டுமன்றி வேட்பாளராகவும் லயத்துப் படியேறினர். 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தால், ஆண்டுதோறும் இடாப்புக்குரிய திகதிக்குப் பின் பதினெட்டு நிரம்புவோரும் துணை இடாப்பில் இடம்பெறும் வழி பிறந்தது. ஆனால் அதற்குத் தேசிய அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குப் பிறப்பத்தாட்சி வேண்டும். பிறப்பத்தாட்சியில் தகப்பன் பெயர் ஓரெழுத்து மாறியிருந்தால் திருத்தம் வேண்டும். தோட்டத்துப் பதிவுகளில், இராமசாமி ஓரிடத்தில் ராமசாமியாகவும் வேறோரிடத்தில் ரமசமியாகவும் எழுதப்பட்டிருப்பது அரிதன்று.

ஆகவே ஆண்டுதோறும் இடாப்பு மீளாய்வுக் காலத்தில், கிராம உத்தியோகத்தரின் அலுவலகத்து வாசலிலே ஒரு சிறு கூட்டம் காணப்படும். பட்டியலில் விரலை ஓட்டி வருகிறான் ஓர் இளைஞன். தாய் அருகில் நிற்கிறாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. வீட்டிலக்கம் வருகிறது, தகப்பன் பெயர் வருகிறது, தாயின் பெயர் வருகிறது. அக்காளின் பெயர் மட்டும் காணவில்லை; அவள் கொழும்பில் வேலையிலிருக்கிறாள், ஊரில் இல்லையென்று நீக்கியிருக்கக்கூடும். அவன் உள்ளே சென்று, உரிமைக்கோரிக்கைப் படிவம் ஒன்று கேட்டு வாங்கி, வாசற்படியில் உட்கார்ந்து எழுதத் தொடங்குகிறான்.